சட்டைப் பையில் அடங்கும் வாட்டர் கலர் பெட்டி: சேலம், ஏற்காடு ஆட்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

மலைப்பேருந்து எழுதியது:

வணக்கம். சேலத்தில் குடியிருந்துகொண்டு ஏற்காடு மலையில், நாகலூர் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். போக வர பேருந்துதான். வீட்டில் நல்ல வாட்டர் கலர் செட் ஒன்று இருக்கிறது, ஆனால் அது மேசையை விட்டு நகர்வதே இல்லை. மலையில் வரைய வேண்டியது எதுவும் நமக்காகக் காத்திருப்பதும் இல்லை. லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைப் பக்கம் பனி விலகி, கீழே சேலம் தெரிவது சில நாள் ஐந்து நிமிடம்தான். பையைத் திறந்து, டப்பாவை எடுத்து, தண்ணீருக்கு இடம் பார்த்து முடிப்பதற்குள் மறுபடி வெள்ளையாக மூடிவிடும்.

எனக்கு வேண்டியது சட்டைப் பையில் போகிற ஒரு பெட்டி. நின்றபடியே ஒரு கையில் பிடித்து வரைய வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவிலும் பேருந்து சாய்ந்து சாய்ந்து ஏறும்போது உள்ளே எதுவும் ஒழுகக் கூடாது. கடையில் பார்த்த சின்ன செட்டுகளில் 18 நிறத்தைத் திணித்துவிட்டு, கலக்குவதற்கு விரல் அகலம்கூட இடம் விடவில்லை.

என் கணக்கு இது: ஆறு நிறம், ஒரு பிரஷ், அஞ்சலட்டை அளவில் தாள். இதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் பெட்டி வீட்டிலேயே தங்கிவிடும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

மூக்கனேரி நாரை எழுதியது:

வாட்டர் பிரஷ் வாங்குங்கள் சார், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பென்டெல் அக்வாஷ் மாதிரி, கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிற்கும் வகை. லேசாக அமுக்கினால் நுனிக்குத் தண்ணீர் வரும், துணியில் துடைத்தால் நிறம் போய்விடும். தனியாகத் தண்ணீர் டப்பாவே வேண்டாம். கன்னங்குறிச்சி ஏரிக்கரையில் பறவை வரைவதற்கு நான் இதைத்தான் வைத்திருக்கிறேன். கொக்கு பறக்கப் போகிறது என்று தெரிந்த பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருக்க முடியாது.

துடைப்பதற்கு, விளையாட்டுக்காரர்கள் மணிக்கட்டில் போடும் துண்டுத்துணிப் பட்டை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கை நிறைய சாமான் இருந்தாலும் துணியைத் தேட வேண்டியதில்லை.

வெள்ளிப்பட்டறை எழுதியது:

நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிறவன். ஓவியம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பெட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விசிட்டிங் கார்டு வைக்கிற உலோக டப்பாதான் சட்டைப் பைக்குச் சரியான அளவு. ஆனால் ஒன்று கவனியுங்கள். கடையில் விற்கும் ஹாஃப் பேன், அதாவது ஒரு நிறத்தை அடைத்து வைக்கும் சின்னக் கிண்ணம், ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் நீளம், 16 அகலம், 10 உயரம் இருக்கும். கார்டு டப்பாவின் உள் ஆழம் அவ்வளவு வராது. பேனை வைத்து மூடினால் மூடி எழும்பி நிற்கும். அதனால் பேனை நாமே செய்துகொள்வது நல்லது. பழைய எண்ணெய் டின் தகரத்தை வெட்டி, நாலு பக்கமும் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு மடித்தால் ஆழமில்லாத தட்டு கிடைக்கும். விளிம்பை அரத்தால் தேய்க்காமல் விடாதீர்கள், பிரஷ் முடியையும் விரலையும் ஒருசேர அறுக்கும். ஆழம் குறைந்தாலும் பரப்பை அதிகமாக வைத்தால் பிரஷ் படுத்து நிறம் எடுக்கும். வெளியில் அவசரமாக வரைகிறவர்களுக்கு அதுதான் வசதி.

தட்டை டப்பாவில் நிறுத்த, அடியில் காந்தத் தாள் ஒட்டுங்கள். பிரிட்ஜில் ஒட்டும் விளம்பர அட்டை போதும், கத்தரியால் வெட்டலாம். தேவைப்படும்போது ஒரு நிறத்தை எடுத்துவிட்டு வேறு நிறத்தை வைக்கலாம். டப்பா வாங்கப் போகும்போது கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். அலுமினியத்தில் ஒட்டாது, எவர்சில்வரிலும் சில வகையில் ஒட்டாது. ஒட்டாத டப்பாவை விரும்பி எடுத்துவிட்டால் உள்ளே ஒரு தகரத் துண்டு பதித்துக்கொள்ளலாம்.

மூடியின் உட்பக்கம்தான் கலக்கும் தட்டு. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெள்ளை எனாமல் மெல்லிசாக இரண்டு முறை அடித்து, நன்றாக இறுகிய பிறகு தொடுங்கள். புது எனாமலில் தண்ணீர் உருண்டு உருண்டு ஓடும். கொஞ்சம் பல்பொடி தொட்டுத் தேய்த்தால் நிறம் பரவலாக நிற்கும்.

அம்மாப்பேட்டை டீச்சர் எழுதியது:

தம்பி மலைப்பேருந்து, பல வருஷம் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டியூப் வண்ணத்தைத் தட்டில் அடைக்கும் விஷயத்தில் பிள்ளைகள் அவசரப்படுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

முழுத் தட்டையும் ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள். மேல்பக்கம் காய்ந்து தோல் கட்டும், உள்ளே ஈரம் நிற்கும், அப்புறம் சுருங்கி நடுவில் பிளந்துவிடும். முதலில் மூன்றில் ஒரு பங்கு பிதுக்குங்கள். பல்குச்சியால் மூலை வரை தள்ளி, உள்ளே காற்றுக் குமிழ் நிற்காமல் கிளறுங்கள். நிழலில் காயவிடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். தொட்டால் ஒட்டாத பக்குவம் வந்ததும் அடுத்த பங்கு. கடைசிப் பங்கை நடுவில் கொஞ்சம் குழிவாக விடுங்கள், பிரஷ் நுனி உட்கார இடம் வேண்டும். ஓரத்தில் வண்ணம் தட்டை விட்டுப் பிரிந்து வந்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

மாணவர் தரத்து டியூப்களில் சில, காய்ந்த பிறகு கல்லாகி மறுபடி கரையவே முரண்டு பிடிக்கும். அடைக்கும்போதே கிளிசரின் ஒரே ஒரு சொட்டு சேர்த்துக் கிளறினால் இளகும். 1830களில் இங்கிலாந்தில் ஈரப்பதமுள்ள பேன் வண்ணம் விற்பனைக்கு வந்ததே கிளிசரினால்தான். அதற்கு முன்னால் வில்லியம் ரீவ்ஸ் காலத்துக் கட்டி வண்ணத்தைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துத்தான் நிறம் எடுக்க வேண்டியிருந்தது.

// வாட்டர் பிரஷ் வாங்குங்கள் சார், பாதிப் பிரச்சினை தீர்ந்தது //

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பறவைக் குறிப்பு எடுக்க அது சரி. ஆனால் பெரிய வாஷ், அதாவது நீர்த்த நிறத்தைப் பரப்பாகப் பூசுவது, அதில் முடியாது. நுனியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கை அறிய வேண்டும், அந்த அறிவு சாதாரண பிரஷில்தான் வளரும். 6ஆம் நம்பர் ரவுண்டு பிரஷ் ஒன்றை எடுத்துக் கைப்பிடியை வெட்டுங்கள். மை தீர்ந்த ஸ்கெட்ச் பேனாவின் உடலில் பின்பக்கமாகச் செருகினால் பாதுகாப்பாக இருக்கும், திருப்பிச் செருகினால் நீளமான பிடி. தண்ணீருக்கு ஹோமியோபதி மாத்திரை பாட்டில் போதும்.

காப்பித்தோட்டம் எழுதியது:

ஏற்காட்டிலேயே இருக்கிறேன். டீச்சர் சொன்ன கிளிசரினைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள். சேலத்துச் சித்திரை வெயிலுக்கு அது தேவைதான். ஆனால் இங்கே ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று வாரக்கணக்கில் நிற்கும். தேனோ கிளிசரினோ கூடுதலாகச் சேர்ந்த வண்ணம் காயவே காயாது. பெட்டியை நிமிர்த்தி வைத்தால் தட்டை விட்டு நழுவி மூடியில் ஒட்டும், மூடியே வைத்திருந்தால் பூசணம் பிடிக்கும். உங்களைப் போல மேலேயும் கீழேயும் போய் வருகிறவர் கிளிசரின் இல்லாமலே அடைத்துப் பாருங்கள். எந்த நிறம் விரிசல் விடுகிறதோ அதற்கு மட்டும் சேர்த்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து வையுங்கள். ஈரத்தோடு மூடி வைக்காமல் இருந்தாலே பாதிப் பூசணம் வராது.

வாட்டர் பிரஷுக்கு இங்கே இன்னொரு தொல்லை உண்டு, யாரும் சொல்லவில்லை. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த ஒரு மணி நேர ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைகிறது. சிப்ஸ் பாக்கெட் உப்பிப்போய் மேலே வந்து சேர்வது இதனால்தான். பாதித் தண்ணீரும் பாதிக் காற்றுமாக இருக்கும் வாட்டர் பிரஷிலும் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, தண்ணீரை நுனி வழியாகத் தள்ளிவிடும். ஏறும்போது நுனி மேலே பார்க்கும்படி பையில் செருகுங்கள், இல்லையென்றால் காலியாகக் கொண்டுவந்து இங்கே நிரப்புங்கள்.

மூக்கனேரி நாரை எழுதியது:

காப்பித்தோட்டம் அண்ணா, என் சட்டைப் பை ஏன் ஒவ்வொரு முறையும் பகோடா பாயிண்ட் போவதற்குள் நனைந்தது என்று இன்றுதான் புரிகிறது. நன்றி. ஆனாலும் வாட்டர் பிரஷை நான் விட மாட்டேன். டீச்சர் சொல்வது போலப் பெரிய வாஷ் கஷ்டம்தான், ஆனால் அஞ்சலட்டை அளவுத் தாளில் பெரிய வாஷ் என்பதே மூன்று விரல் அகலம்தானே? ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: போர் தண்ணீரை அதில் ஊற்றாதீர்கள். நம் ஊர் போர் தண்ணீரில் பாத்திரத்தில் உப்பு பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு வாட்டர் பிரஷின் கழுத்தையும் அடைக்கும். மேட்டூர் தண்ணீர், மழைத் தண்ணீர், வடிகட்டிய குடிநீர் எதுவானாலும் சரி.

முதலாம் ஆண்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரி மாணவி. கொலுசுப் பட்டறை அண்ணா மாதிரி தகரம் வெட்ட என்னிடம் கருவி இல்லை. காலி மாத்திரை அட்டையில் வண்ணம் அடைத்து, அதை அப்படியே ஒரு சின்ன டப்பாவில் ஒட்டி வைத்திருக்கிறேன். பெரிய மாத்திரை அட்டையாக இருந்தால் ஒரு குழிக்குள் 6ஆம் நம்பர் பிரஷ் தாராளமாகப் போகிறது. வீட்டில் அம்மாவின் பழைய சுண்ணாம்பு டப்பா ஒன்று கிடைத்தது, அதில் மூன்று நிறம் மட்டும் அடைத்துப் பேனாப் பையில் போட்டிருக்கிறேன்.

தாள் பற்றிக் கேட்க வேண்டும். சார்ட் பேப்பரில் தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்புகிறது. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கெட்டித் தாள் நோட்டு வாங்க விலை அதிகம். என்ன செய்யலாம்?

அம்மாப்பேட்டை டீச்சர் எழுதியது:

கண்ணு, நோட்டாக வாங்காதே, முழுத் தாளாக வாங்கு. 22க்கு 30 அங்குல முழுத் தாளை இரண்டு பக்கமும் நாலு நாலாகப் பிரித்தால் ஐந்தரைக்கு ஏழரை அங்குலத்தில் 16 துண்டு வரும். ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் 32 அட்டை. நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் இது மலிவாகவே வரும். 300 ஜி.எஸ்.எம்., முடிந்தால் பருத்தி கலந்த தாள். சித்ரபட் போன்ற கையால் செய்த தாளும் பழகிப் பார்க்கலாம், ஆனால் சிலவற்றில் பசைப்பூச்சு குறைவாக இருக்கும், நிறம் உள்ளே இறங்கிவிடும். ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகு வாங்கு. பின்பக்கம் கெட்டி அட்டை, மேலே ஒரு கிளிப். அவ்வளவு போதும்.

மலைப்பேருந்து எழுதியது:

இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி. கார்டு டப்பா, தகரத் தட்டு, காந்தத் தாள் என்று முடிவு செய்துவிட்டேன். பிரஷ் டீச்சர் சொன்ன வெட்டிய ரவுண்டு.

நிறத்துக்கு வருவோம். நான் எழுதி வைத்திருப்பது: லெமன் எல்லோ, எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), கிரிம்சன் லேக் (சிவப்பு), அல்ட்ராமரின் (நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), சாப் கிரீன் (பச்சை). மலை முழுக்கப் பச்சையாக இருப்பதால் பச்சையை விட மனசில்லை.

காப்பித்தோட்டம் எழுதியது:

பச்சையைத்தான் முதலில் நீக்க வேண்டும் சார். இதை நான் அடித்தே சொல்வேன். சாப் கிரீன் கையில் இருந்தால் மலை முழுவதும் ஒரே பச்சையாகிவிடும். இங்கே வந்து பாருங்கள், காப்பி இலை கறுப்பை ஒட்டிய பச்சை, மேலே ஒரு பளபளப்பு. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கம் சாம்பல். காற்றடித்தால் மரம் முழுக்க நிறம் மாறும். அதன்மேல் ஏறியிருக்கும் மிளகுக் கொடியின் தளிர் மஞ்சளாக இருக்கும். இவை மூன்றும் ஒரே கைப்பிடி இடத்தில் நிற்கின்றன.

அல்ட்ராமரினோடு லெமன் எல்லோ சேர்ந்தால் கொஞ்சம் அடங்கின பச்சை, மிளகுக் கொடிக்கு அதில் மஞ்சள் தூக்கலாக இருக்கட்டும். அதிலேயே பர்ன்ட் சியன்னா தொட்டால் காப்பி இலை. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் மட்டும் சேர்ந்தால் சாம்பல், நீலம் கூடினால் மழை மேகம், சியன்னா கூடினால் ஈரமான பாறை. அந்தச் சாம்பலில் தண்ணீர் நிறைய சேர்த்தால் லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் சமவெளி. காலியாகும் இடத்தில் தாலோ நீலம் வையுங்கள். கொஞ்சம் தொட்டாலே போதும், அவ்வளவு வீரியம்.

பனி வரைவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்கு வெள்ளை வண்ணம் வேண்டாம், தாளின் வெள்ளையே பனி. தாளை நனைத்து, மரத்தின் மேல்பாதிக்கு மட்டும் நிறம் வைத்து, கீழே சுத்தமான ஈரப் பிரஷால் இழுத்துவிடுங்கள். மரம் பனிக்குள் இறங்கிவிடும். ஆனால் பனிக்குள் நிற்கும்போது நம் தாளும் காயாது, அடுத்த வாஷ் போட்டால் எல்லாம் கலங்கும். இரண்டு அட்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வரைவேன். சேலத்தில் இதற்கு நேர் எதிர், மதிய வெயிலில் வாஷ் பாதி போவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழும். அங்கே கை வேகமாகப் போக வேண்டும், அல்லது தாளின் பின்பக்கத்தையும் நனைக்க வேண்டும்.

அம்மாப்பேட்டை டீச்சர் எழுதியது:

பச்சையை நீக்கச் சொன்னது சரி. நான் கிரிம்சன் லேக்கையும் நீக்கச் சொல்வேன். டியூபின் மேல் சின்ன எழுத்தில் நிறமிக் குறியீடு போட்டிருக்கும், அதைப் படித்துப் பழகுங்கள். பி.ஆர். 83 என்று இருந்தால் அது அலிசரின், வெளிச்சத்தில் நாளாக நாளாக வெளிறிவிடும். அதற்குப் பதிலாக பி.வி. 19 என்று போட்ட குயினாக்ரிடோன் ரோஸ் வையுங்கள், அது தாக்குப்பிடிக்கும். அல்ட்ராமரின் பி.பி. 29, தாலோ நீலம் பி.பி. 15. குறியீடே போடாத டியூபைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்கும் படத்துக்கு வேண்டாம். நீங்கள் ஒருவருக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த படம் அவர் வீட்டுச் சுவரில் நிறம் செத்துத் தொங்கக் கூடாது.

காப்பித்தோட்டம் எழுதியது:

இன்னும் ஒரு யோசனை. எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, லைட் ரெட் எல்லாமே அடிப்படையில் இரும்பு ஆக்சைடுதான். நம் மலைச் செம்மண்ணுக்குச் சிவப்பு தருவதும் அதுவே. அதனால் ஒரு தட்டை மலை மண்ணிலேயே செய்யலாம். என் பெட்டியில் அப்படி ஒன்று இருக்கிறது.

தோட்டத்து ஓரத்தில் வெட்டிய சரிவிலிருந்து, வேரும் இலையும் கலக்காத மண் ஒரு கை போதும். தண்ணீரில் கரைத்துக் கலக்கிவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். இதையே இரண்டு மூன்று முறை செய்து, கடைசிக் கலங்கலை இரவு முழுக்கத் தெளியவிட்டால் அடியில் வெண்ணெய் மாதிரி வண்டல் நிற்கும். அதைக் காயவைத்துப் பொடித்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் வாங்கி, ஒரு பங்கு பிசின் பொடிக்கு இரண்டு பங்கு சுடுதண்ணீர் ஊற்றி இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். ஐந்தில் ஒரு பங்கு தேன், ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய். தேனை மழைக்காலத்தில் குறையுங்கள், காரணம் மேலே சொன்னேன். கிராம்பு எண்ணெய் பூசணத்துக்கு. மண்பொடியைக் கண்ணாடித் துண்டின் மேல் குவித்து, இந்தப் பிசின் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அடி தட்டையான கண்ணாடித் தம்ளரால் வட்டமாக அரைக்க வேண்டும். தொடக்கத்தில் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் அடங்கும் வரை அரைப்பதுதான் வேலையே.

தாளில் பூசிக் காயவைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி விரலில் வந்தால் பிசின் போதாது. பளபளத்து வெடித்தால் பிசின் கூடிவிட்டது.

முதலாம் ஆண்டு எழுதியது:

அண்ணா, வீட்டில் பாதாம் பிசின் இருக்கிறது, அது ஆகுமா? அப்புறம், நம் ஊரில் வெள்ளைக்கல் இவ்வளவு கிடைக்கிறதே, அதை அரைத்து வெள்ளை வண்ணம் செய்ய முடியாதா?

காப்பித்தோட்டம் எழுதியது:

பாதாம் பிசின் ஆகாதும்மா. அது ஜிகர்தண்டாவில் பார்ப்பாயே, தண்ணீரில் உப்பி ஜெல்லியாக நிற்குமே தவிர முழுதாகக் கரையாது. வடிகட்டினால் துணியில் தங்கிவிடும். கருவேலம் பிசின் முழுக்கக் கரையும், காய்ந்த பிறகு தண்ணீர் பட்டால் மறுபடியும் இளகும். பெட்டி வண்ணத்துக்கு அந்தக் குணம்தான் தேவை.

வெள்ளைக்கல் என்பது மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். காய்ந்த பொடியாக வெள்ளை வெளேரென்று இருக்கும். பிசினில் அரைத்ததும் மங்கலாகிவிடும், அடியிலிருக்கும் நிறத்தை மூடுகிற சக்தி கிடையாது. மூடும் வெள்ளைக்கு டைட்டானியம்தான். உனக்கு வெள்ளை வேண்டுமென்றால் குவாஷ் (அடியில் இருப்பதை மூடும் வாட்டர் கலர்) வெள்ளை ஒரு சின்ன டியூப் வாங்கி, ஒரு மாத்திரைக் குழியில் அடைத்துக்கொள். கொக்கின் சிறகு ஓரத்துக்கும், காப்பிப் பூவுக்கும் ஒரு புள்ளி வைக்க உதவும். பெரிய பரப்புக்குத் தாளையே விட்டுவிடு.

வெள்ளிப்பட்டறை எழுதியது:

மலைப்பேருந்து சார், ஏழு தட்டு ஆகிவிட்டது போலிருக்கிறதே, மண் தட்டையும் சேர்த்து? கார்டு டப்பாவில் 95க்கு 60 மில்லிமீட்டர் உள்ளளவு கிடைத்தால், நீளவாக்கில் நாலு, அகலவாக்கில் இரண்டு என்று எட்டுத் தட்டு தாராளமாக உட்காரும். ஒவ்வொன்றும் 22க்கு 20. எட்டாவது இடத்தைக் காலியாக விடுங்கள், ஒரு பஞ்சுத் துண்டை வைத்தால் பிரஷைத் துடைக்கலாம். கலக்க மூடி இருக்கிறது. அல்ட்ராமரினும் சியன்னாவும் எப்போதும் தேவைப்படும் என்பதால் மூடியின் கீலுக்கு எதிர்ப்பக்கம், கைக்கு அருகில் வையுங்கள். தாலோ நீலத்தை மூலைக்குத் தள்ளுங்கள், லெமன் எல்லோவுக்குப் பக்கத்தில் வந்தால் மஞ்சள் கெட்டுவிடும்.

கட்டை விரலுக்கு டப்பாவின் அடியில் ஒரு வளையம் பற்றவைத்துவிட்டால் நின்றுகொண்டே வரையலாம். பற்றவைக்கும் வேலையை மட்டும் எனாமல் அடிப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டும், சூட்டில் எனாமல் கருகும். டப்பாவை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலையில் கடைவீதிப் பக்கம் வாருங்கள். வளையம் பத்து நிமிட வேலை, நானே வைத்துத் தருகிறேன்.

மலைப்பேருந்து எழுதியது:

கண்டிப்பாக வருகிறேன் அண்ணா. டப்பா வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அடியில் பதிக்க ஒரு தகரத் துண்டும் உங்களிடம் இருக்குமா?

வெள்ளிப்பட்டறை எழுதியது:

இருக்கிறது. அளவெடுத்து வெட்டித் தருகிறேன். எனாமல் மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள், பளபளப்பு வகை, தூய வெள்ளை.